கண்ணால் கண்ட சாட்சி

தப்பு செய்த வண்டி தானாகவே ஓரங்கட்டி நின்றுவிடும் காலம் இது. போலீஸ்காரன் யாரையும் துரத்த வேண்டாம். கேமரா பிடித்ததைக் காட்டிப் பேசும் திரையைப் பார்த்து, குற்றம் உண்டா இல்லையா என்று சொல்வதற்கு மட்டுமே நான் சிக்னலில் நிற்கிறேன்.

அன்று என் சிக்னலை ஒட்டிய மாரியம்மன் கோயில் வளைவில் கோகிலவாணி என்ற பெண்ணின் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. ஓட்டிக்கொண்டே போன் பேசினார் என்றது திரை. படத்தில் அவர் கை கன்னத்தில் இருந்தது, உதடுகள் அசைந்தன.

"போன் இல்லீங்க சார், சாமிக்குக் கன்னத்துல போட்டுக்கிட்டேனுங்க. வீட்டுக்காரருக்கு இப்ப ஆபரேசனுங்க" என்று அழுதார்.

"குற்றமில்லை" என்றேன். திரை ஆதாரம் கேட்டது.

"கையில் போன் இல்லை. நான் பார்த்தேன்."

கோர்ட்டில் எத்தனை வக்கீல்கள் இந்த வார்த்தையைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்! இந்தத் திரை சிரிக்கவில்லை. உடனே வண்டியை விடுவித்தது. அதற்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அடுத்த மாதம் அதே ஸ்கூட்டர் வந்தது. பின்னால் வீட்டுக்காரர், இளைத்துப்போய், ஆனால் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். கோயிலைத் தாண்டி என் எதிரே வந்ததும் கோகிலவாணி மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வண்டி நின்றது.

"சாமி கும்பிட்டார். குற்றமில்லை" என்றேன்.

"கோயில் பின்னால் இருக்கிறது. அவர் முன்னால் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார். யாரை?" என்றது திரை.

முன்னால் நான் மட்டும்தான் நின்றிருந்தேன். இத்தனை வருட சர்வீஸில் முதல் முறையாக, கண்ணால் பார்த்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.