எட்டாம் வசனம்

நாவலாசிரியர் அருமைநாயகம் இறந்து மூன்று வருஷமாகியும் பழங்காநத்தத்து வீட்டில் அவருடைய பிரம்பு நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. அது கிடந்த கூடத்தில்தான் வேதபாடக் கூட்டம் நடத்த இடம் கொடுத்திருந்தாள் அவர் மனைவி தெபோராள். மேலூர்ப் பக்கமிருந்து வண்டி கட்டி வந்தவர்கள் அவருடைய நாவல்களைப் படித்திருந்தார்கள், அவரைப் பார்த்ததில்லை.

பாயில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனமாக வாசித்தார்கள். தெபோராள் ஏழாம் வசனத்தை வாசித்தாள். அவளுக்குப் பக்கத்தில் அந்தக் காலி நாற்காலி. அதற்கு அப்பால் இருந்த கிருபை டீச்சர் சற்றுப் பொறுத்து ஒன்பதாம் வசனத்தைத் தொடங்கினாள். யாரும் தலை நிமிரவில்லை.

முடிந்ததும் தெபோராள் கேட்டாள். "எட்டாம் வசனத்த விட்டுட்டீகளே டீச்சர்?"

"விடலையேம்மா. ஒங்க பக்கத்துல இருந்து ஒருத்தர் வாசிச்சாகளே. தொண்டையச் செருமிட்டு, நிதானமா."

போதகரும் ஆமென்று தலையாட்டினார். அவளைத் தவிர எல்லோருக்கும் கேட்டிருந்தது.

அவர் இருந்தவரை, முப்பது வருஷமாக அந்தச் செருமல் கேட்டுத்தான் அவள் காப்பியை எடுத்துக்கொண்டு போவாள்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. "ஐயா, இன்னும் ஒரு அதிகாரம் வாசிச்சுட்டுச் சாப்பிடுவோமே" என்றாள் போதகரிடம். பாயை நாற்காலியோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டாள்.