கூடுதல் சிரை

ஆறு வருட டயாலிசிஸில் வீங்கிப்போன ரெஜினாவின் இடக்கை வழியே டாக்டர் பாரி செலுத்திய கம்பி, வழக்கம்போல் வலப்பக்கம் வளையாமல் இடப்பக்கமாகவே இதயத்துக்கு இறங்கியது.

"படம் இடவலமா மாறியிருக்கு, முபாரக்."

டெக்னீஷியன் திரையில் படத்தை இடவலமாகத் திருப்பினார். இதயம் வலப்பக்கம் துடித்தது. சட்டென்று பழையபடி மாற்றினார்.

பிறக்கும் முன்பே எல்லோருக்கும் தூர்ந்துபோகும் இடப்பக்கச் சிரை அது, இவளுக்குத் தூரவில்லை.

"கூடுதலா ஒரு ரத்தக்குழாய் இருக்கும்மா, பயப்படாதீங்க." அந்தச் சிரை குறுகியிருந்த இடத்தை விரிக்கக் கம்பிவழியே பலூனைச் செலுத்தி ஊதினார். ரெஜினாவின் முகம் முழுதும் கருநீலமானது.

பதறிப் பலூனைச் சுருக்கிவிட்டு, வலக்கையில் சாயம் ஏற்றிப் பார்த்தார். அதுவும் நெஞ்சைக் கடந்து இடப்பக்கமே வந்தது. எல்லோருக்கும் இருக்கும் வலப்பக்கச் சிரை இவளுக்கு இல்லவே இல்லை; தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் ரத்தம் இதயத்துக்கு இறங்க இது ஒன்றுதான் வழி.

மூச்சு திரும்பிய ரெஜினா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கூடுதலை அடைச்சிருங்க டாக்டர். அதுதான் என்னக் கொல்லப் பாத்துச்சு."