கருகிய முனை

"என்ற ரிப்பனைத் திருப்பிக் குடுங்க சார்."

மைக்கில் சொன்னதால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "அவரு முன்னாடி திருட்டு, காப்பின்னு மட்டும் பேச்செடுத்துறாதம்மா" என்று நிகழ்ச்சி நடத்தும் பிரவீனா, மேடைப் படியிலேயே கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். சௌமியா முதல் வேலையாக அதைத்தான் எடுத்தாள்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சின்ன அரங்கம். புது நாவல் எழுதிய இரண்டு பேர் உட்கார்ந்து தங்கள் எழுத்தைப் பற்றிப் பேச வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் குணசீலன், பரமத்தி வேலூரில் வெற்றிலைத் தோட்டம், முப்பது வருஷ எழுத்து, அலமாரி நிறைய விருது. இன்னொருத்தி ஓமலூரிலிருந்து பஸ்ஸில் வந்த சௌமியா. குடும்பத்தில் முதல் பட்டதாரி, கையில் முதல் நாவல்.

டீப்பாயில் இரண்டு புத்தகமும் இருந்தன. தன் புத்தகத்தில் படித்துக் காட்ட வேண்டிய இடங்களுக்கெல்லாம் சீட்டு வைத்திருந்தார் குணசீலன். அவள் அவருக்கு அனுப்பிய நாவல், பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் கிடந்தது.

"எந்த ரிப்பன் அம்மிணி?" என்றார் சிரித்துக்கொண்டே.

"உங்க கதாநாயகி சடையில கட்டியிருக்கிற பச்சை ரிப்பனுங்க. நூல் பிரியாம இருக்க ஒரு முனையை விளக்குல காட்டிக் கருக்கினது. என்ற நாவல் போன வருஷம் வந்துச்சு, உங்களது இந்த மாசம். படிச்சதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க."

"அது கற்பனை அம்மிணி."

"ரெண்டு பேரு கற்பனையும் ஒரே முனையில கருகுமுங்களா?"

பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். பிரவீனா பதறிப்போய் மைக்கை இழுத்தாள். "சாருக்கு அந்த அவசியமே இல்லைங்க. சாரோட நாவல் கடைசியில அந்தப் பொண்ணு யாருக்கும் தெரியாம கரூர் பஸ் ஏறிப் போற இடத்துல நானே அழுதுட்டேன்."

"நல்லா அழுங்க. திருட்டு திருட்டுதானுங்க. நேரலையில ஊரே பார்த்துட்டிருக்குது, ஒத்துக்கச் சொல்லுங்க."

குணசீலனின் காது மடல் சிவந்தது. "முதல் தலைமுறைப் படிப்பு, அவசரம் இருக்கத்தான் செய்யும். அந்த ரிப்பன் பன்னெண்டு வருஷமா என்ற மனசுல கெடக்குது. அப்ப நீயே ரிப்பன் கட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிருப்ப!"

அரங்கம் சிரித்தது. சௌமியா சிரிக்கவில்லை.

"ஆமாங்க, போனேன். உங்களுக்கு யாராச்சும் சொல்லியிருப்பாங்க. கேட்டு எழுதியிருப்பீங்க."

"எவன் சொல்றது? எங்க தோட்டத்துக்கு வெத்தலை கிள்ள வந்த புள்ள. விடிஞ்சும் விடியாத நேரம், வாய்க்கா மேட்டுல வெச்சுப் பார்த்தேன். கருகின முனை தூரத்துல நின்னாத் தெரியுமா? கையில தொட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்!"

"ஒரு நாள் பார்த்ததா இவ்வளவு ஞாபகம் இருக்குது?"

"ஒரே நாள்தான். அதுக்கு முன்னாடி அவ ரிப்பனே கட்டுனதில்ல. எழுத்தாளன் கண்ணுக்கு ஒரு நாள் போதும்."

"கூட வேற யாராவது பார்த்திருந்தா, அவங்களும் எழுதியிருக்கலாமில்லீங்க?"

"நானும் அவளும் தவிர அங்க ஒரு ஈ காக்கா கெடையாது. போதுமா?"

கைதட்டல் காதைப் பிளந்தது. குணசீலன் நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டார்.

"போதுங்க சார்."

சௌமியா டீப்பாயிலிருந்த தன் நாவலை எடுத்தாள். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்து, புத்தகத்தை அவர் மடியில் போட்டாள்.

"இப்பவாவது படிச்சுப் பாருங்க. இதுல ரிப்பனே கெடையாது."

கைதட்டல் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. "அப்புறம் எதுக்கும்மா இத்தனை சண்டை?" என்றாள் பிரவீனா.

சௌமியா நேரே கேமராவைப் பார்த்தாள். "கேட்டுச்சுங்களா வக்கீலக்கா? பரமத்தி வேலூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருங்க. நானும் வாரேன்."

சட்டை மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டி, மேடையை விட்டு இறங்கினாள். யாரும் வழி மறிக்கவில்லை.

"யாரு... யாரு நீ?" குணசீலன் எழ முயன்றார். மடியிலிருந்த புத்தகம் கீழே விழுந்தது.

நடந்துகொண்டேதான் பேசினாள். மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

"புள்ள, புள்ளன்னீங்களே, அவளுக்குப் பேரு இருக்குது. அறிவுச்செல்வி. நான் அவ தங்கச்சி. அப்ப நாங்க உங்க ஊர்லதான் குடியிருந்தோம். அன்னிக்கு இருட்டோட உங்க தோட்டத்துக்குக் கெளம்புனவளுக்கு என்ற ஸ்கூல் ரிப்பனை நாந்தான் கட்டிவிட்டேன். வாய்க்கால்ல இருந்து தூக்குனப்ப தலை விரிஞ்சு கெடந்துச்சு, ரிப்பனைக் காணோம். கால் தவறி விழுந்துட்டா, பக்கத்துல யாருமே இல்லைன்னு கேஸை மூடிட்டாங்க."

கதவைத் தள்ளித் திறந்தவள், வெளியே ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

"எங்கக்கா கரூர் பஸ் ஏறலீங்க சார்."