ஒரே ஒரு சிவப்பு

திரையில் எல்லாப் புள்ளிகளும் பச்சையாக இருந்தன, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று சிவப்பு. யாருக்கோ புரியவில்லை.

ஜெயஸ்ரீ ஓரக்கண்ணால் கடைசி பெஞ்சைப் பார்த்தாள்.

தாம்பரம் தாண்டி இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில் அவள் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேலை இன்னும் தற்காலிகம்தான். இன்றைய வகுப்பைப் பார்த்துவிட்டு, இவளை வைத்துக்கொள்ளலாமா அனுப்பிவிடலாமா என்று எழுதித் தரப்போகிறவர் துறைத் தலைவர் துரைராஜ். கடைசி பெஞ்சில் மூக்குக் கண்ணாடியும் முறைப்புமாக உட்கார்ந்திருந்தார்.

காலையிலேயே சொல்லிவிட்டார். "ஒரு சிவப்புகூட வரக் கூடாதும்மா. மேனேஜ்மென்ட்டுக்குப் பச்சையைத்தான் காட்டணும்."

திரையில் அந்தப் புள்ளிகளைப் போடும் குட்டி ரிமோட்டுகள் நிர்வாகத்தின் புதுச் செல்லப்பிள்ளை. 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் 'புரிஞ்சுது' என்று கோரஸ் பாடாத வகுப்பு உலகத்தில் உண்டா? அத்தனை பேர் முன்னால் எழுந்து, புரியவில்லை என்று சொல்லி மானம் போக யாருக்கு ஆசை? இனி அந்தக் கூச்சமே வேண்டாம். புரிந்தால் பச்சை, புரியாவிட்டால் சிவப்பு. யார் அமுக்கியது என்று ஆண்டவனுக்கே தெரியாது. லேப் உதவியாளர் கிட்டு வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வந்த எல்லாருக்கும் பிரசாதம் கொடுப்பது மாதிரி ஆளுக்கொரு ரிமோட்டைக் கையில் வைத்து அனுப்பியிருந்தார்.

பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள். மேம் வேலை நிலைக்க வேண்டும் என்று, அவள் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பச்சையை அமுக்கினார்கள்.

பாடம் என்ட்ரோபி. துரைராஜ் வருஷக்கணக்காக நடத்திய பாடம். அதற்கு அவர் ஒப்பிக்கும் இரண்டு வரி விளக்கத்தை மனப்பாடம் செய்யாமல் யாரும் அந்தக் கல்லூரியிலிருந்து பட்டம் வாங்கிப் போனதில்லை.

ஜெயஸ்ரீ முதலில் சூத்திரம் போட்டு விளக்கினாள். ஒரு சிவப்பு. பிறகு ஆறிப்போகும் டீயை வைத்து விளக்கினாள். அதே ஒரு சிவப்பு.

எல்லார் தலையும் முகிலன் பக்கம் திரும்பியது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து மின்சார ரயிலில் வந்து, தினமும் பாதி வகுப்பில் நுழைகிறவன். கல்லூரியில் ஒரு மின்விசிறி நின்றால்கூட முதலில் அவனைத்தான் விசாரிப்பார்கள்.

"டேய், இன்னாடா பண்ணிகினு கீற? மேம் வேலைக்கே வேட்டு வெச்சிடுவ போல கீதே!" என்று பல்லைக் கடித்தான் பக்கத்திலிருந்த டேனியல்.

"நான் பச்சதான்டா, சத்தியமா!" என்றான் முகிலன். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் உண்மை பேசினான், ஒருவரும் நம்பவில்லை.

துரைராஜ் குனிந்து எதையோ விறுவிறுவென்று எழுதினார். 'போச்சு' என்று நினைத்தாள் ஜெயஸ்ரீ. 'என் பொண்ணு காலேஜ் புரபசராக்கும்' என்று அம்மா அனகாபுத்தூரில் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். இனி அந்தத் தெருவில் எப்படி நடப்பது?

பேசாமல் மணி அடிக்கும்வரை ஓட்டிவிடலாம். ஆனால் அவளுக்கு மனசு வரவில்லை. யாரோ ஒருவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அதைச் சொல்லும் நேர்மையும் இருக்கிறது. வேலை போனால் போகட்டும் என்று பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு வகுப்பின் நடுவில் வந்து நின்றாள்.

"தாம்பரத்துல பீச் போற ரயில் காலியா வந்து நிக்குது. ஜனங்க என்ன பண்ணுவாங்க?"

"அடிச்சுப் பிடிச்சு எல்லாப் பொட்டிலயும் ஏறுவாங்க மேம்."

"ஆணும் பொண்ணும் கலந்து கண்டபடி பரவிடுவோம். யாரும் சொல்லித் தர வேணாம். ஆனா லேடீஸ் பொட்டி மட்டும் ஒழுங்கா இருக்கே, எப்படி?"

"வாசல்ல போலீஸ் நிக்குது மேம்."

"அந்தப் போலீஸ் டீ குடிக்கப் போயிட்டா?"

"நாங்க ஏறிடுவோம் மேம்!" என்றான் முகிலன். வகுப்பே சிரித்தது.

"அவ்வளவுதான். எவ்வளவு கலைஞ்சு கெடக்குதுங்கிற கணக்குதான் என்ட்ரோபி. சும்மா விட்டா அது ஏறிட்டேதான் போகும். ஒழுங்கா வெக்கணும்னா வெளிய இருந்து ஒரு ஆள் வேலை பாக்கணும், அவருக்குச் சம்பளமும் குடுக்கணும். வீட்ல ஃபிரிட்ஜுக்கு கரண்ட் பில் கட்டுறது இதுக்குத்தான்."

"ஓ! இதுதானா மேம்?" என்று முன்வரிசை சத்யபிரியா வாயைப் பிளந்தாள். இரண்டு தடவையும் முதல் ஆளாகப் பச்சையை அமுக்கியவள்.

"புரிஞ்சுதா? அமுக்குங்க."

பச்சைகள் வந்தன. கடைசி ஒரு புள்ளி கொஞ்சம் யோசித்தது. பிறகு அதுவும் பச்சையானது.

வகுப்பு கைதட்டியது. டேனியல் முகிலனின் முதுகில் ஒன்று வைத்தான். மணி அடித்தது.

ரிமோட்டுகளை வாங்கிப் போட அட்டைப்பெட்டியோடு வாசலில் நின்றாள் ஜெயஸ்ரீ. எல்லாரும் போன பிறகு துரைராஜ் வந்தார். முகத்தில் அதே முறைப்பு.

"திங்கக்கிழமை ஆபீஸ்ல பர்மனன்ட் ஆர்டரை வாங்கிக்கோ."

ஜெயஸ்ரீ சட்டென்று நிமிர்ந்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் வராந்தாவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரிமோட்டை எடுத்துச் சத்தமில்லாமல் பெட்டிக்குள் போட்டார்.

"ஏம்மா, அந்தப் போலீஸ்காரரை முதல்லயே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார் ரகசியமாக. "அமுக்கி அமுக்கி எனக்குக் கட்டைவிரலே வலிக்குது."