புதிதாக வந்தவன்

ஆஸ்பத்திரிக் கணினியில் கோபோல் மொழியில் எழுதிய பழைய நிரல் ஒன்று இருந்தது. மருந்துச் சீட்டைச் சரிபார்க்க, புது மொழியில் பிறந்த, ஆப்ஜெக்ட் என்னும் சிறு நிரல்துண்டு ஒன்றைக் கூப்பிட்டது.

“தம்பி, நோயாளி பத்மாவதிக்குப் பென்சிலின் ஆகாதென்று காலையிலேயே சொன்னேனே. இந்தச் சீட்டு சரியா?”

“யார் பத்மாவதி?”

“மறதிக்கும் ஓர் அளவு வேண்டாமா?”

“நான் இப்போதுதான் பிறந்தேன், பெரியவரே. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவனைத்தானே வரச்சொல்கிறீர்கள். நீங்கள் சொன்னதைக் கேட்டவன் வேறொருவன்.”

“அவன் எங்கே?”

“கணினி நினைவகத்தில் அவன் இருந்த முகவரியை வாங்கி வைத்தீர்களா? வைக்காவிட்டால் குப்பையோடு கூட்டியிருப்பார்கள்.”

பழைய நிரல் பத்மாவதியைப் பற்றி முதலிலிருந்து சொன்னது. சீட்டிலிருந்து பென்சிலின் நீங்கியது.

ஆப்ஜெக்ட் கிளம்பியது.

“இரு, தம்பி” என்று தன் பதிவேட்டில் எட்டு எழுத்துக்கு இடம் ஒதுக்கியது நிரல். “உன் முகவரியைச் சொல்.”