டீன் கேட்ட கையெழுத்து

"கையெழுத்து ஒத்துப் போகலைன்னு சொல்றாங்க, மேடம். வேற ஒண்ணுமில்ல."

இடலினா கதவைப் பாதிதான் திறந்திருந்தாள். காலையிலிருந்து விலகாத மூடுபனியில் எதிர்வரிசை வீடுகள் தெரியவில்லை. ஆனால் வாசலில் நின்றவரை அவளுக்குத் தெரிந்தது.

வெண்டல் டோரன்ஸ். கல்லூரியின் டீன். தாடி நரைத்துவிட்டது. குரல் அப்படியே இருந்தது.

அவருக்கு அவளைத் தெரியவில்லை.

கையில் ஒரு தாளும் பேனாவும் வைத்திருந்தார். சட்டையில் 'நம் கல்லூரிக்குச் சம்மதம்' என்ற வட்டமான பேட்ஜ். தபாலில் அவள் அனுப்பிய வாக்கு உறையின் மேல் இருந்த கையெழுத்து, அவளுடைய பழைய ஓட்டுநர் உரிமத்தில் இருப்பதைப்போல் இல்லையாம். தேர்தல் அலுவலகம் உறையைப் பிரிக்காமலே ஒதுக்கி வைத்திருக்கிறது. இந்தத் தாளில் 'அது என் கையெழுத்துதான்' என்று உறுதி சொல்லிக் கையெழுத்திட்டால் பிரித்து எண்ணிவிடுவார்கள். இன்று மாலை ஐந்து மணிவரை நேரம்.

கல்லூரிக் கட்டடங்களைப் பழுது பார்க்க ஊரே கடன் வாங்கி, வீட்டு வரியோடு சேர்த்து அடைப்பதா, வேண்டாமா? அதுதான் வாக்குச்சீட்டில் இருந்த கேள்வி. நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் சம்மதித்தால் நிறைவேறும். தேர்தல் முடிந்து வாரக்கணக்கில் எண்ணியும் தராசு முள் அந்தக் கோட்டின் மேலேயே நின்று ஆடிக்கொண்டிருந்தது.

அதனால்தான் டீனே வீடு வீடாக ஏறி இறங்குகிறார்.

"நீங்க நம்ம பழைய மாணவின்னு பட்டியல்ல பாத்தேன். பழைய மாணவங்க எல்லாம் நம்ம பக்கம்தானே!"

அவர் நீட்டிய பேனாவை அவள் வாங்கவில்லை.

"என் கையெழுத்து ஏன் மாறிச்சுன்னு கேக்க மாட்டீங்களா, டீன் சார்?"

அவர் சிரித்தார். "வயசானா எல்லாருக்கும் மாறும். என்னோடதைப் பாத்து பேங்க்ல சிரிக்கிறாங்க."

இடலினா ஸ்வெட்டர் கையை முழங்கை வரை ஏற்றினாள். வலது மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பி இருந்தது. அதன் மேல் நீளமான தையல் தழும்பு.

"இது வயசு இல்ல. உங்க வாளி."

அவள் அங்கே படித்த காலத்திலேயே செவிலியர் பிரிவின் கூரை மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தில் ஒரு வாளி வைத்ததோடு சரி. அது நிரம்பி வழிந்த ஒரு காலையில் அவள் வழுக்கி விழுந்தாள். நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கப் படித்துக்கொண்டிருந்தவள். ஊசி பிடிக்க முடியாத கைக்கு இங்கே இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து பாதாம் ஆலையில் ஓடு பொறுக்குகிறாள்.

அப்போது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். 'அவ்வளவு பெரிய வாளி கண்ணுக்குத் தெரியலையா?'

அந்த மனிதரின் முகம் இப்போது மெல்ல வெளுத்தது. ஞாபகம் வந்துவிட்டது.

"ஒத்துப் போற கையெழுத்து வேணும்னா என் பழைய கையைக் கொண்டு வாங்க சார். போட்டுத் தரேன்."

கதவைச் சாத்தினாள். இத்தனை வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்ததைவிட நன்றாகவே வந்திருந்தது.

சமையலறையில் அவள் கணவன் கில்பர்ட், நன்றித் திருநாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"என்னடி, லாட்டரி விழுந்த மாதிரி முகம்? யாரை அந்தக் கிழி கிழிச்சே?"

சொன்னாள். அவன் மெல்வதை நிறுத்தினான்.

"நீ கையெழுத்துப் போடலேன்னா உன் ஓட்டு?"

"உறையோட குப்பைக்கு."

"அட மக்கு! அப்ப நீ போட்டது?"

இடலினா அவனையே பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். அடுத்த கணம் செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினாள்.

"டீன் சார்! நில்லுங்க, டீன் சார்!"

பனிக்குள் இரண்டு சிவப்பு விளக்குகள் நின்றன.

காரின் பானெட் மேல் தாளை வைத்து எழுதினாள். தாள் நழுவாமல் அவர் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தும் கோணிக்கொண்டு வருவதை அவர் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அவள் அவசரப்படவில்லை.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா." "நான் உங்க இடத்துல இருந்தா போட்டிருக்க மாட்டேன். சத்தியமா சொல்றேன், முதல்ல அந்தக் கூரையைத்தான் மாத்துவோம்."

"நேரமாச்சு சார். அஞ்சு மணிக்குள்ள சேத்துடுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார். தாளை மடிக்காமல், பக்கத்து இருக்கையில் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல் வைத்தார்.

விளக்குகள் பனியில் கரையும்வரை அவள் நடுத்தெருவிலேயே நின்றாள்.

கில்பர்ட் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் போட்டான்.

"அழுதாரு போல?"

"ஆமா."

"மனசு மாறிடலியே?"

இடலினா மரத்துப்போன வலது கையை அக்குளில் செருகிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள்.

உறைக்குள் இருந்த சீட்டில், 'வேண்டாம்' என்பதற்கு நேரே இருந்த வட்டத்தை அதே கைதான் கறுப்பாக்கியிருந்தது. மறுபக்கத்தில் தெரியும் அளவுக்கு அழுத்தி.