முதல் அம்பு

ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய போரை ஊரே கூடி நடிக்கும் நாள். கூடாரத்துக்குள், கணவன் நைஜலின் கவச வாரைப் புதிதாகப் போட்ட மூன்றாவது துளையில் இறுக்குகிறாள் டாம்சின். அவன் மணிக்கட்டிலுள்ள ஆஸ்பத்திரிப் பட்டை தெரியாதபடி இரும்புக் கையுறையை மாட்டிவிடுகிறாள். "இன்னிக்காவது ஹெட்டிகிட்ட சொல்லிடு." "சண்டை முடியட்டும்." தண்ணீர்க் குடுவையோடு மகள் ஹெட்டி எட்டிப் பார்க்கிறாள். "இந்த வருஷமும் கடைசியாத்தானேப்பா சாவே?" "இல்லடா, முதல் அம்புக்கே விழுந்துடறேன். வெயில் தாங்கல." சொன்னபடியே விழுகிறான். வேலிக்கு வெளியே ஐஸ்கிரீமும் கையுமாகக் கூட்டம் ஆரவாரிக்கிறது. அவன்மேல் வாள்களின் நிழல் ஓடுகிறது. முரசு ஓய்ந்ததும் தளபதி, "செத்தவங்கல்லாம் எந்திரிங்கப்பா!" என்று கத்த, பிணங்கள் சிரித்தபடி புல்லைத் தட்டிக்கொண்டு எழுகின்றன. நைஜல் ஒரு கையை மட்டும் உயர்த்துகிறான். "போதும் நடிப்பு, எந்திரி!" என்று ஹெட்டி ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து இழுக்கிறாள். கையுறை மட்டும் கழன்று வருகிறது. கூட்டத்தின் கைதட்டலுக்கு நடுவே, பட்டையில் அச்சடித்திருப்பதை மகள் உதடசைய ஒவ்வோர் எழுத்தாகப் படிப்பதை டாம்சின் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.